அக்காவின் உயரத்துக்கு மாட்டிய கண்ணாடி

முட்டிக்கு மாட்டும் பட்டையை மறந்துவிட்டு மூன்று மாடி இறங்கியவன், திரும்ப ஏறி வந்து நிற்கிறான். கிளெப், என் அக்கா கணவன். ஜன்னலில் படிந்த பனியைத் தாண்டி வரும் காலை வெளிச்சம் அவன் முகத்தில் சாம்பலாக விழுகிறது. முப்பத்தேழு வயது, பதினாறு வருடக் கூடைப்பந்து, ஒன்பது அணிகள். பத்தாவது அணி சைபீரியாவில் காத்திருக்கிறது. அவன் பை என் தோளில் கனக்கிறது. "ரயில் உனக்காக நிக்காது மச்சான்" என்கிறேன். பட்டையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு கிளம்புகிறவனை ரிம்மா அக்கா மறிக்கிறாள். "கண்ணாடி பார்க்காம போறியா? மறந்ததை எடுக்க வந்தா பார்த்துட்டுத்தான் போகணும். போன தடவை பார்க்காம போய்த்தானே முட்டியை உடைச்சுக்கிட்டு வந்தே?" கண்ணாடி அவள் உயரத்துக்கு மாட்டியது. அதில் அவனுடைய கோட்டுப் பொத்தான்கள்தான் தெரிகின்றன. முன்பெல்லாம் முட்டியை மடக்கிச் சட்டென்று தாழ்ந்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடுவான். இன்று இடுப்பை வளைக்கிறான், கழுத்தைச் சாய்க்கிறான். கால் மட்டும் மடங்கவில்லை. "சரியாயிடுச்சுன்னு சொன்னே?" "சரியாத்தான் இருக்கு. நீதான் கண்ணாடியைக் கீழே மாட்டி வச்சிருக்கே." அக்கா அதை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறாள். கிளெப் நிமிர்ந்து, வழக்கம்போல நாக்கை நீட்டுகிறான். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை, கால்கள்தான் தெரிகின்றன.