ஆட்டோவில் விட்டால் போதும்

"ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டவன் கெட்டதில்லை" என்பது ஸ்டுடியோக்காரரின் வேதவாக்கு. இருட்டு கூடினால் கேமராவே அந்த ஒளியுணர்வு எண்ணைத் தானாக ஏற்றிக்கொள்ளும். அவருடைய இரண்டு விளக்குகளுக்கு அது எப்போதும் நானூறுதான்.

கடை திறந்ததும் மனைவியை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். இன்று, கும்மிருட்டில் எடுத்ததுபோல், எண் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. படத்தில் அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. நாற்காலியும் சுவரும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

அவளை எழுப்பிவிட்டு, காலி நாற்காலியை மட்டும் படம் எடுத்தார். நானூறு.

"கேமரா மேல ஒரு குறையும் இல்ல," என்று அடித்துச் சொன்னார். "நீ மறுபடி உட்காரு."

உட்கார்ந்தாள். இரண்டு விளக்குகளும் அவள் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தன.

"எவ்வளவு நேரம்தான் இப்படியே உட்கார்றது?" என்றாள் சலிப்போடு. "லைட்டைப் போடுங்களேன்."