மாடிக்கு வராதவர்

சாம்பல் புறா கூட்டத்தோடு கலந்துவிட்டது.

எது அது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. லாசரின் புறாக்கள் பக்கத்து மொட்டை மாடிக்கு மேலே, காற்றில் விட்ட சேலையாய்த் திரும்பித் திரும்பி விரிந்தன. மாலை வெயில் படும்போது வெள்ளை. திரும்பினால் ஒன்றுமில்லை.

அவளுடைய தம்பி ஜெரி அழுதான்.

அவன் முதன்முதலாக வளர்த்த புறா. இன்றுதான் முதன்முதலாகத் திறந்துவிட்டான். யார் மாடியில் இறங்குகிறதோ அவருக்குச் சொந்தம். அந்தத் தெருக்களில் அதுதான் சட்டம்.

"இன்னாடா ஜெரி, எங்க ஊட்டு கம்பு ருசியா கீதாமா உன் புறாவுக்கு?" லாசர் அங்கிருந்து சிரித்தார்.

அவள் கீழே ஓடி அப்பாவைக் கூப்பிட்டாள்.

வருவார் என்று நினைக்கவில்லை.

அப்பா மாடிக்கு வருவதில்லை. கொடியில் துணி எடுக்கக்கூட. அவருக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலை. "நாள் பூரா மேல போய்ட்டு வர்ற ஆளு. சொந்த மாடின்னா மட்டும் பயம்" என்று அம்மா கேலி செய்வாள். அவர் மறுத்ததில்லை. சாயங்காலமானால் ஜன்னலைச் சாத்திவிடுவார். கொசுவுக்கு என்பார்.

மேலே தம்பி தேம்புவது கேட்டது.

அப்பா எழுந்தார்.

அவர் தலை படிக்கட்டின் முடிவில் தெரிந்ததும் லாசரின் சிரிப்பு நின்றது.

"சேவியரு. வேணாம்பா."

லாசர் யாரிடமும் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

அப்பா வானத்தைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். சத்தமாகக்கூட இல்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அடிக்கிற சீழ்க்கை.

சேலை மடிந்தது.

எல்லாம் வந்தன. கைப்பிடிச் சுவரில், தண்ணீர்த் தொட்டியில், கொடிக்கயிற்றில். அப்பாவின் தோளில். இடமில்லாதவை அவர் காலடியில். மாடி முழுக்க ஒரு மெல்லிய முனகல்.

"எல்லாம் நம்பளுதுப்பா!" தம்பி குதித்தான்.

அப்பா குனிந்து, தேடாமலே, சாம்பல் புறாவை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு கைகளைத் தட்டினார்.

எழுந்தன. மறுபடி அவர்மேலேயே இறங்கின.

லாசர் கம்பு டப்பாவைக் குலுக்கினார். "பா, பா, பா." எதுவும் திரும்பவில்லை. குலுக்கிக்கொண்டே இருந்தார்.

அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான் இருந்தா போவாதுங்க" என்றார். தோளிலிருந்ததை மெதுவாக இறக்கிவிட்டுக் கீழே போனார்.

வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஒன்று போனது. அதன் பின்னால் இன்னொன்று. லாசர் வாசற்படியில் பிள்ளைகளை எண்ணுகிறவர்போல வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் கீழே வந்தாள்.

அறை இருட்டாக இருந்தது. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் குவிந்திருந்தன. சத்தம் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே சிறகு ஒன்று உரசியது.

அவர் நிமிரவில்லை.

அவள் போய், கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.