தூங்கிய நாற்பது நிமிடம்

வீட்டு நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் நேரத்துக்கு வரிச்சலுகை என்று வந்த நாளிலிருந்து, வரி அலுவலகத்தில் வஹிதாவின் மேசைக்குப் பொய்தான் மூட்டை மூட்டையாக வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியசாமியின் கோப்பு அப்படியில்லை. பேச்சும் நினைவும் போய்ப் படுத்துவிட்ட அக்காவுக்குக் கஞ்சி கொடுத்தது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாவற்றையும், கிரேனில் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கியதும் எழுதுவதுபோல, அப்போதைக்கப்போது எழுதியிருந்தார். அக்காவின் மணிக்கட்டில் கட்டிய, கையசைவைக் குறித்துவைக்கும் கைப்பட்டையின் பதிவும் நாள்வாரியாக இருந்தது.

சரிபார்க்கும் இயந்திரம் ஒரே இடத்தில் திணறி, கோப்பை அவளிடம் தள்ளியிருந்தது: ‘மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தேன். நாற்பது நிமிடம் தூங்கிவிட்டேன். குறைத்துக்கொள்ளவும்.’ தன் நேரத்தைத் தானே குறைக்கச் சொல்லும் ஆளை அது பார்த்ததில்லை.

“நீங்க எழுதலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே,” என்றாள் வஹிதா, வரச்சொல்லி எதிரே உட்காரவைத்திருந்த ஆரோக்கியசாமியிடம்.

“தூங்குனதுக்கு எப்படி மேடம் சலுகை கேக்க முடியும்?”

அவள் அந்த நாற்பது நிமிடத்தின் கைப்பட்டைப் பதிவைத் திறந்தாள். எட்டு மாதமாகத் தானாக அசையாத கை, அந்த நேரம் முழுக்க மெல்ல, ஒரே சீராக ஏறி இறங்கியிருந்தது.

“தலைய எங்க வச்சுத் தூங்குனீங்க?”

“கட்டில் ஓரமா. அக்கா கைக்குப் பக்கத்துல.”

வஹிதா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“அக்கா உங்களைத் தட்டிக்கொடுத்திருக்காங்க. இந்த நாப்பது நிமிஷம் உங்களுக்குக் கிடையாது, அண்ணாச்சி. அக்கா பேர்ல தனியா ஒரு படிவம் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”