சுவருக்கு வந்த படம்

பள்ளிவாசல் அலுவலறையில் நாலு பேர். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் ஜன்னலோரம், மருந்துக்கடைக்காரர் அலமாரிக்குப் பக்கத்தில், குண்டு வெடித்த பேருந்தில் மகனைப் பறிகொடுத்த நர்ஸக்கா கதவோர நாற்காலியில், மேசையில் பேனாவோடு செயலாளரான தையல்காரர்.

நடுவில் இயக்கத்தின் கடிதம் கிடந்தது. அந்தப் பேருந்தில் குண்டோடு ஏறிச் செத்தவன் தியாகியாம். கூட அனுப்பிய அவன் படத்தைப் பள்ளிவாசல் சுவரில் மாட்ட வேண்டுமாம். கொண்டுவந்த ஆள் பதிலுக்காக வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான்.

“குழாய் வறண்டப்போ தண்ணி லாரி விட்டது அவங்கதானே? ஊரே வாழ்த்துச்சு,” என்று இழுத்தார் மருந்துக்கடைக்காரர். “இப்பப் பகைச்சுக்கிட்டா கடையக் கொளுத்திருவாங்க.”

“அந்தத் தண்ணிய நானும்தான் குடிச்சேன்,” என்றாள் நர்ஸக்கா. “குடம் நிறைஞ்சதும் புள்ளைங்களக் கேட்டாங்களே! பஸ்ல செத்ததெல்லாம் யாரு? நம்ம தெரு சனம். முடியாதுன்னு எழுதுங்கண்ணே.”

தையல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே எழுதினார்: ‘இந்தப் படத்துக்கு எங்கள் சுவரில் இடமில்லை.’

ஹஜ்ரத் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “எரிஞ்சா எரியட்டும், போங்க!” என்று மருந்துக்கடைக்காரரும் போட்டார்.

கடிதத்தோடு படத்தையும் உறைக்குள் செருகப் போன தையல்காரரின் கையை நர்ஸக்கா பிடித்துக்கொண்டாள்.

“படம் எதுக்குண்ணே? திருப்பிக் குடுத்தா இன்னொரு சுவரு தேடுவாங்க. என் புள்ளைய நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

படத்தைக் கைப்பையில் வைத்தாள். உறையை நாவால் நனைத்து ஒட்டி, வாசலுக்குப் போய், பைக்கில் இருந்தவன் கையில் தானே கொடுத்தாள்.