மணையில் அமராத முட்டி

முட்டிவலியிலிருந்து மனிதகுலத்தையே மீட்டுவிட்டதாக எலும்பு மருத்துவர் கண்ணபிரான் அறிவித்திருந்தார். அவர் பொருத்திய அறிவுள்ள செயற்கை முட்டியோடு, மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க மணையில் உட்காரப் போனார் வைத்தியலிங்கம். முட்டி பாதியிலேயே பூட்டிக்கொண்டது. “தரையில் அமர்வது உங்கள் உடலுக்கு நல்லதல்ல” என்று நாதஸ்வரத்தை மீறி அறிவித்தது.

“முகூர்த்தம் போகுது சம்பந்தி, சட்டுனு உக்காருங்க!”

“நானாய்யா மாட்டேங்கறேன்? என் கால மடக்க நான் யாருகிட்டய்யா அனுமதி கேக்கணும்?” என்று அரைகுறையாகக் குனிந்தபடியே கத்தினார் வைத்தியலிங்கம். “மச்சான், டாக்டர் இங்கதானே வந்திருக்காரு? பூட்டைத் திறக்கச் சொல்லி இழுத்துட்டு வாடா!”

மைத்துனர் பந்திக்கு ஓடினார். அங்கே கண்ணபிரான் தம் பிறவி முட்டிகளை மடக்கித் தரையில் சம்மணமிட்டு, இரண்டாவது தடவை கேசரி கேட்டுக்கொண்டிருந்தார்.