ஒரே குடுவை

"என் படலத்தைத் தொட நீங்க யாரு?"

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவன் போட்ட சத்தத்தில், பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா பதறவில்லை. கூட வேலை பார்க்கும் சீனியர். அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கழுவும் குடுவையிலிருந்து அவனுடைய பாலிமர் படலத்தை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"விடிய விடியக் கழுவி வச்சேன், தம்பி. ராத்திரி எத்தனை தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவே இல்லையே."

எடுப்பானா? "கழுவினியா, கழுவினியா" என்று உயிரை வாங்குவாள். ஆய்வகத்தில் அவளுக்குப் பேரே கழுவலக்கா!

"நான்தான் ஏற்கெனவே கழுவிட்டேனே! ஒரு அலசு போதும்."

இன்று தேர்வுக் குழு வருகிறது. இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. போட்டி இவனுக்கும் அவளுக்கும்தான். இன்றைக்குப் பார்த்து அவன் படலத்தில் கை வைத்தால் என்ன அர்த்தம்? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

வேலை இதுதான். தண்ணீரில் கலக்கும் ஒரு நஞ்சின் மூலக்கூறை அச்சாக வைத்து, அதைச் சுற்றிப் பாலிமரை வளர்க்க வேண்டும். பிறகு அச்சைக் கழுவி எடுத்துவிட்டால், அதே வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிற்கும். தண்ணீரில் அந்த நஞ்சு இருந்தால் நேரே போய்க் குழியில் உட்காரும். கருவியில் சிவப்பு விளக்கு எரியும்.

சரியாகக் கழுவாவிட்டால்? உள்ளே ஒட்டியிருக்கும் அச்சே கசிந்து, நல்ல தண்ணீருக்கும் சிவப்பு எரியும். மானம் கப்பலேறிவிடும்.

குழு வந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படலத்தில் ஒரு துண்டை வெட்டிக் கருவியில் பொருத்தினான். நல்ல தண்ணீரை விட்டான். விளக்கு எரியவில்லை. நஞ்சு கலந்த தண்ணீரை விட்டான். பளிச்சென்று சிவப்பு!

"அபாரம்!" என்றார் குழுத் தலைவர்.

அவன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். 'கை வச்சு என்ன கிழிச்சீங்க?' என்கிற பார்வை.

அடுத்து அவள் முறை.

"என் படலம் இன்னும் தயாராகலை, சார்."

"இத்தனை அனுபவம் இருந்துமா?" தலைவர் உதட்டைப் பிதுக்கினார். வேலை அவனுக்கே என்று முடிவானது.

எல்லாரும் போன பின்னும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குடுவையில் மிஞ்சியிருந்த கழுவின தண்ணீரைக் காட்டினான்.

"நான் கழுவினதையே கழுவியிருக்கீங்க. இதுல ஒண்ணுமே இருக்காது, பாருங்க!"

படலத்தின் மிச்சத் துண்டைப் பொருத்தி, அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட்டான்.

பளிச்சென்று சிவப்பு.

"அக்கா... இவ்வளவா உள்ளே இருந்துச்சு?"

"உன் படலம் என்னோடதைவிட அழகா வந்திருந்துச்சு, தம்பி. கழுவாததால தோத்துதுன்னா எனக்கு மனசே ஆறாது."

வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை. "அப்போ உங்க படலம் ஏன் தயாராகலை?"

அக்கா ஆய்வகத்தில் இருந்த அந்த ஒரே கழுவும் குடுவையை அலசித் துடைத்தாள். தன் படலத்தை அதற்குள் மெல்ல இறக்கினாள்.

"இதுல ஒரு நேரத்துல ஒண்ணைத்தானேப்பா கழுவ முடியும்?"