சர்வீஸ் சென்டரில் ஒரு தியானம்

செல்போன் சர்வீஸ் சென்டரில் ஒரே கூச்சல். மேனேஜருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மூலை நாற்காலியில் இருந்த புத்த பிக்கு சம்மணமிட்டுக் கண்களை மூடினார். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், தானும் மூடிக்கொண்டார். அப்படியே ஒவ்வொருவராக எல்லோரும் கப்சிப்!

மேனேஜருக்குக் கொண்டாட்டம். "டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிடாதேம்மா, சாமியோட தியானம் கலைஞ்சிடும்" என்று கவுண்டர் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, ஆற அமர டீ குடித்தார்.

குடித்து முடித்ததும் பிக்குவிடம் போய்க் கும்பிட்டார். "சாமி, நீங்க தினமும் இங்க வரணும்!"

பிக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஒரு வாரமா தினமும்தானே வந்துட்டிருக்கேன்? அடுத்த டோக்கன் என்னோடதுதான். உங்க மேல கோபம் வரக்கூடாதேன்னுதான் கண்ணை மூடிட்டிருக்கேன்!"